வந்த வண்டியிலேயே திரும்பிப் போகட்டும்

என் மேசையில் இரண்டு பொருட்கள் கிடக்கின்றன. இரண்டும் ஒரே வேலைக்கு வந்தவை, பல்லிடுக்கைச் சுத்தம் செய்ய. ஒன்று திருகோணமலையில் ஒரு பாமசியில் நான் வாங்கிய ஃப்ளொஸ் பெட்டி. மற்றது நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் அக்காவின் மகன் கொண்டுவந்து தந்த ஒற்றைப் பக்கற்.

முதலில் பெட்டியைச் சொல்கிறேன். உள்ளங்கையளவு ஒரு மட்டை. அதன்மேல் கண்ணாடிபோலத் தெரியும் தடித்த பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருக்கிறது. நகத்தால் பிரிக்க முடியாது, கத்தரிக்கோல் வேண்டும். வெட்டினால் உள்ளே இன்னொரு பிளாஸ்டிக் பெட்டி. அதன் வாயைத் திறந்தால் நூலை அறுக்க ஒரு சின்ன இரும்புப் பல். பெட்டியை நெம்பித் திறந்து பார்த்தேன், நடுவில் ஒரு சிறு உருளையில் நூல். ஐம்பது மீற்றர் என்று மட்டையில் போட்டிருக்கிறது. ஒரு தடவைக்கு நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் எடுக்கச் சொல்கிறார்கள் பல் வைத்தியர்கள். அப்படிப் பார்த்தால் நூறு தடவைக்கு மேல் வரும், தினமும் ஒரு தடவை பாவித்தால் ஒருவருக்கு மூன்று மாதத்தைத் தாண்டும். நூல் முடிந்த பிறகு மட்டை, மூடி, பெட்டி, இரும்புப் பல், வெறும் உருளை எல்லாம் அப்படியே கையில் நிற்கும்.

ஒற்றைப் பக்கற்றின் கதை இன்னும் மோசம். அச்சடித்த சின்ன உறை. கிழித்தால் வில் மாதிரி வளைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதன் இரு நுனிக்கும் நடுவே இழுத்துக் கட்டிய நூல். நூலின் நீளம் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. மறு முனை பல்குத்திபோலக் கூர். பல்லை ஒரு சுற்றுச் சுத்தம் செய்ததும் அதன் ஆயுள் முடிந்தது. ஹோட்டல் அறைகளில் பிரஷ், சின்னப் பற்பசை, சீப்பு எல்லாவற்றையும் தனித்தனி உறையில் வைப்பார்களாம். வந்தவர் உறையைக் கிழித்துவிட்டுப் பாவிக்காமல் போனாலும் அது அடுத்த ஆளுக்கு ஆகாது. குப்பைதான். "சின்னம்மா, நாங்க அள்ளிப் போடுறதுல பாதி ஒருத்தரும் தொடாத சாமான்" என்றான் அவன்.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். முரசில் இரத்தம் வந்ததால் பல் டொக்டரிடம் போனேன். பிரஷ் போகாத இடத்தில்தான் வியாதி தொடங்குகிறது, நூல் போட்டுப் பழகுங்கள் என்றார். பழகினேன், இரத்தம் நின்றது. ஆகவே இந்த நூலை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வேண்டும் என்றே சொல்கிறேன். வேண்டியதாக இருப்பதால்தான் அது எதற்குள் வருகிறது என்பதும் எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

எங்கள் மாமி இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஈர்க்கு காணாதா புள்ள?" என்றார். மாமியின் தலைமுறை ஈர்க்கை உடைத்துத்தான் பல்லைக் குத்தியது, அதையே வளைத்து நாக்கையும் வழித்தது. மூதூர், தோப்பூர் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மிஸ்வாக் குச்சி இன்றும் இருக்கிறது. வேப்பங்குச்சியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. இவை எல்லாம் மண்ணில் விழுந்து மண்ணாகிப் போகிறவை. ஆனால் மாமியிடம் ஒன்றைச் சொல்லவேண்டியிருந்தது. ஈர்க்கு இடுக்கில் சிக்கிய இறைச்சி நாரை எடுக்கும், பல்லின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் படலத்தை எடுக்காது. கூரான நுனி முரசைக் கிழிக்கவும் செய்யும். நூல் பல்லைத் தழுவிக்கொண்டு மேலும் கீழும் போவதால் அந்தப் படலத்தை வழித்தெடுக்கிறது. 2019ல் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இதையே நிதானமாகச் சொல்கிறது. பிரஷ்ஷோடு நூலோ, பல்லிடுக்குக்குள் விடும் இடைப்பல் பிரஷ்ஷோ சேர்த்தால் முரசு அழற்சி குறையலாம், சான்று அவ்வளவு உறுதியானதல்ல, இடைப்பல் பிரஷ் நூலைவிடச் சற்று நன்றாக வேலை செய்யக்கூடும் என்பது அதன் சாரம். எங்கள் ஊர்களில் வெற்றிலை போடாத வீடு குறைவு. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வாயைக் கவனிக்கிற பழக்கம் எந்த வழியில் வந்தாலும் நல்லதே. மகரகமவில் பயிற்சி பெற்று வரும் பாடசாலைப் பற் சிகிச்சையாளர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அந்தக் கவனத்தைத்தான்.

நூல் எப்போதும் பிளாஸ்டிக்காக இருக்கவில்லை. 1819ல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பல் வைத்தியர் லீவை ஸ்பியர் பாம்லி, மெழுகு பூசிய பட்டு நூலால் பல்லிடுக்கைத் துடைக்கும்படி தன் புத்தகத்தில் எழுதினார். 1882ல் மசாசூசெட்ஸில் கொட்மன் அன் ஷேர்ட்லெஃப் என்ற கம்பனி பட்டு நூலை வீட்டுப் பாவனைக்கு விற்கத் தொடங்கியது. 1898ல் ஜோன்சன் அன் ஜோன்சன் காப்புரிமை எடுத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பட்டுக்குத் தட்டுப்பாடு வர, சார்ள்ஸ் பாஸ் என்ற வைத்தியர் நைலோன் நூலைப் பரிந்துரைத்தார். நைலோன் பட்டைப்போல இலகுவில் பிய்வதில்லை. அந்த வகையில் அது நல்ல மாற்றம்தான். இப்போது சில நூல்கள் டெஃப்ளான் என்று சட்டிகளில் பூசுகிறார்களே, அதே பொருளில் வருகின்றன. பல் நெருக்கமாக இருப்பவர்களுக்கு வழுக்கிக்கொண்டு போகும்.

இந்த நூலும் பெட்டியும் பெரிய நகரங்களுக்காகச் செய்யப்பட்டவை. பாவித்ததை வாளியில் போட்டால் விடிய ஒரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும் இடங்களுக்காக. போன இடத்தில் என்ன நடந்தது என்பதை அங்குள்ளவர்கள் யோசிக்கத் தேவையில்லை. சில சமயம் அவர்களுக்கும் யோசிக்க நேர்ந்துவிடும். 2017 ஏப்ரல் 14ம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடி முப்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது.

எங்கள் வெருகல் பக்கத்தில் வண்டி வராத ஒழுங்கைகள்தான் அதிகம். வெருகலைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லை இது. மகாவலியின் ஒரு கிளை வெருகலாறாக இங்கே வந்து கடலில் விழுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாகரை, மட்டக்களப்பு மாவட்டம். ஆற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில். ஈச்சிலம்பற்று, பூநகர், மாவடிச்சேனை, இலங்கைத்துறை முகத்துவாரம் என்று ஊர்கள் கடலையும் களப்பையும் வயலையும் ஒட்டிக் கிடக்கின்றன. இங்கே குப்பை என்றால் வளவின் மூலையில் ஒரு கிடங்கு. தேங்காய் மட்டை, வாழைத்தடல், மீன் செதில் எல்லாம் அதற்குள் போய் மக்கிவிடும். மக்காததைப் பின்னேரம் கூட்டிக் குவித்துக் கொளுத்துவோம்.

கொளுத்தினால் தீர்ந்ததா? நைலோன் எரிந்தால் ஐதரசன் சயனைட்டு வரும். டெஃப்ளான் வகை நூல் கடும் சூட்டில் புளோரீன் கலந்த நச்சு வாயுக்களை விடும். மூடி பிவிசியாக இருந்தால் ஐதரோகுளோரிக் அமில வாயு வரும், குறைந்த சூட்டில் புகைந்தால் டயொக்சினும் உண்டாகும். ஒரு பெட்டி ஃப்ளொஸ்ஸில் இவற்றின் அளவு மிகச் சிறிது என்பது உண்மை. ஆனால் அது தனியாக எரிவதில்லை. பால்மாப் பக்கற், பிஸ்கற் உறை, சவர்க்காரத் தூள் பக்கற், பிள்ளையின் பம்பஸ் எல்லாவற்றோடும் சேர்ந்துதான் எரிகிறது. பக்கத்தில் நின்று கூட்டித் தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் அம்மாமாரும் பொம்பிளைப் பிள்ளைகளும்.

எரிக்காமல் விட்டது மழைக்கு ஆற்றுக்குப் போகிறது. ஆறு எங்களுடைய குப்பையை மட்டும் சுமப்பதில்லை. மகாவலி கண்டி மலைகளில் இருந்து வருகிறது, வழியிலுள்ள அத்தனை ஊரின் கழிவும் கடைசியில் கொட்டியாரக்குடாவுக்கும் வெருகல் முகத்துவாரத்துக்கும் வந்து சேர்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த பெருவெள்ளத்தில் மாவிலாற்றுப் பக்கம் அணைக்கட்டு உடைந்து, மூதூரும் சேருவிலவும் வெருகலும் நீருக்குள் கிடந்தன. வெள்ளம் வடிந்த பிறகு முள்ளுக்கம்பி வேலிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டிக்கொண்டு ஒரே மட்டத்தில் பக்கற்றுகள் தொங்கின. கிட்டப் போய்ப் பார்த்தேன். பெரிய சொப்பிங் பேக்குகள் கொஞ்சம்தான். அதிகமாகக் கிடந்தவை விரல் நீளத்துச் சின்ன உறைகள். ஷாம்பு, கோப்பி, பாக்கு, மசாலாத் தூள். பெரிய பையைக் கழற்றி எடுத்துவிடலாம். சின்னது முள்ளில் கிழிந்து கிழிந்து நாராகி, பொறுக்கப் போனால் கையில் துண்டு துண்டாக வந்தது.

இந்தச் சின்ன உறைகளை யாரும் பொறுக்குவதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய இரும்பு, போத்தல், பிளாஸ்டிக் வாளி வாங்க வருகிறவர்கள் இவற்றைத் தொடமாட்டார்கள். ஒரு கிலோ சேர்க்க எத்தனை நூறு உறை பொறுக்கவேண்டும்! சேர்த்தாலும் விலை இல்லை. மினுங்கும் உறை ஒரே பொருளால் ஆனதல்ல. வெளியே அச்சுப் பிடிக்கும் பொலியெஸ்டர், நடுவில் அலுமினியப் படலம், உள்ளே ஒட்டி மூடுவதற்குப் பொலித்தீன் என்று அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டியது. பிரித்தெடுத்து மறுபடி உருக்கி ஒன்று செய்ய வழி மிகக் குறைவு. ஃப்ளொஸ் பெட்டியிலும் அதே சிக்கல்தான்: மட்டை ஒன்று, மூடி வேறொன்று, பெட்டி இன்னொன்று, அதற்குள் இரும்பு, நூல் நைலோன். அளவில் சின்னது, பொருளில் கலப்பு. இரண்டும் சேர்ந்தால் உலகத்தின் எந்தக் குப்பை மேட்டிலும் அதற்கு ஆள் இல்லை.

குப்பை மேட்டுக்கு ஆள் வராவிட்டாலும் யானை வரும். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளுக்குள் இருபது யானை வரையில் செத்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. சாப்பாட்டு வாசம் பட்ட பொலித்தீனை யானை எப்படிப் பிரித்துத் தின்னும்?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட், றெஜிபோம் பெட்டி, மெல்லிய பொலித்தீன் தடை வந்தது. 2021 மார்ச் 31ல் அடுத்தது. இருபது கிராம் அல்லது இருபது மில்லிலீற்றர், அதற்குக் கீழ்ப்பட்ட சிறு பக்கற்றுகளுக்கு அன்றிலிருந்து தடை. பிளாஸ்டிக் தண்டு வைத்த காது துடைக்கும் குச்சியும் காற்றடிக்கும் விளையாட்டுச் சாமானும் அந்தப் பட்டியலிலேயே இருந்தன. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, கரண்டி, முட்கரண்டி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு. இடியப்பத் தட்டு வரைக்கும் யோசித்த நாடு இது. நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இருபது கிராம் என்று கோடு கீறியவர்கள் சரியான இடத்தில் கை வைத்தார்கள். உறை எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு அதைத் திரும்பச் சேர்ப்பது கடினம் என்பதை அந்தக் கோடு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சாப்பாட்டுச் சாமானுக்கும் மருந்துக்கும் விலக்குக் கொடுத்தார்கள். மருந்துக்குக் கொடுத்தது நியாயம். சாப்பாட்டுக்குக் கொடுத்த விலக்கால்தான் கடை வாசலில் மாலை மாலையாகத் தொங்கும் பக்கற்றுகள் இன்னும் தொங்குகின்றன. பல்லுச் சாமான் சாப்பாடும் இல்லை, மருந்தும் இல்லை. உறையோடு சேர்த்து இருபது கிராமுக்கு எவ்வளவோ கீழே நிற்கும் அந்த ஒற்றை ஃப்ளொஸ் பக்கற் தடைக்குள் வரவேண்டியது என்பது என் எண்ணம். காது துடைக்கும் பிளாஸ்டிக் குச்சியைத் தடுத்தவர்கள் பல் துடைக்கும் பிளாஸ்டிக் வில்லை ஏன் விடவேண்டும்? இரண்டும் உடம்பைத் துடைத்துவிட்டு ஒரே நிமிடத்தில் குப்பையாகிறவைதானே.

சரி, தடை போட்டால் எல்லாம் முடிந்ததா என்றால் இல்லை. இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும்.

சின்னப் பக்கற்றின் ஊர் எங்களுக்குத் தூரம் இல்லை. கடலுக்கு அக்கரை, கடலூர். அங்கே சின்னிகிருஷ்ணன் என்பவர்தான் ஷாம்புவைச் சின்ன உறையில் அடைத்து விற்கும் வழியைக் கண்டார் என்று சொல்வார்கள். போத்தல் ஷாம்பு பணக்கார வீட்டுச் சாமானாக இருந்த காலம். அன்றாடம் கூலிக்குப் போகிறவரும் வாங்கும்படி சாமான் சின்னதாக வரவேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் பிள்ளைகள் வெல்வெட் என்ற பெயரில் அதை விற்றார்கள். பிறகு அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் வீட்டை விட்டு வெளியே வந்து, பதினையாயிரம் ரூபா முதலோடு 1983ல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அந்தக் கம்பனிதான் இன்றைய கெவின்கேர். அந்த எண்ணத்தில் இருந்த அக்கறையை நான் மதிக்கிறேன். எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்குப் போகும் பிள்ளை பத்து ரூபா கொடுத்துத் தலை முழுகிப் போனதும் அந்த எண்ணத்தால்தான். முழுப் போத்தலுக்குக் கையில் காசு இல்லாதவரைப் பார்த்துப் பக்கற் வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. கையில் காசு புழங்குகிற நாளில்தான் அவர் வாங்குகிறார், அந்த நாளுக்கு வேண்டியதை மட்டும்.

அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. சிக் ஷாம்பு சந்தையில் கால் ஊன்றியது ஒரு திட்டத்தால். எந்தக் கம்பனியின் வெறும் ஷாம்பு பக்கற்றாக இருந்தாலும் சேர்த்துக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பக்கற் இலவசம். பிறகு அதைச் சிக் பக்கற்றுகளுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். சனங்கள் சேர்த்தார்கள், கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள், விற்பனை ஏறியது. குப்பையைக் குறைக்கச் செய்த திட்டம் அல்ல அது, வாடிக்கையாளரைப் பிடிக்கச் செய்தது. ஆனாலும் நடந்ததை யோசித்துப் பாருங்கள். விரல் நீளத்து வெறும் உறை, தெருவில் கிடக்கவேண்டியது, கிராமத்து வீட்டில் இருந்து கடைக்குத் திரும்பி வந்தது. சேர்க்க முடியாது, சனங்களுக்கு விளங்காது, கிராமங்களில் வசதி இல்லை என்றெல்லாம் இன்று கம்பனிகள் சொல்லும் காரணம் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட நாற்பது வருடத்துக்கு முன்பே தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் பதில் கிடைத்துவிட்டது.

ஈச்சிலம்பற்றுப் பக்கம் நான் சாமான் வாங்கும் கடைக்கார அண்ணனிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். கம்பனி வான் வந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்த நேரம்.

"அண்ணன், வான் போகக்குள்ள வெறுமையாத்தான் போகுதா?"

"பின்ன என்ன தங்கச்சி. இறக்கிட்டு வெறுமையாத்தான் போறாங்க. திகதி முடிஞ்ச சாமான், உடைஞ்ச சாமான் இருந்தா மட்டும் எண்ணி எடுத்துட்டுப் போவாங்க."

"அப்ப திருப்பி எடுக்கிற பழக்கம் இருக்கே."

"அது காசு விசயம். கணக்குல வரும்."

அவர் சொன்ன அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்கில் வந்தால் எடுப்பார்கள். கண்ணாடிச் சோடாப் போத்தல் கணக்கில் வரும். வெறும் போத்தலைக் கொடுத்தால்தான் வைப்புக் காசு. அதனால் எந்த வேலியிலும் சோடாப் போத்தல் கிடப்பதில்லை, பெட்டி பெட்டியாக அதே லொறியில் திரும்பிப் போகிறது. காஸ் சிலிண்டரும் அப்படித்தான். பக்கற்றும் பிளாஸ்டிக் பெட்டியும் கணக்கில் வராததால் எங்கள் ஆற்றில் கிடக்கின்றன.

ஒரு காலத்தில் வெருகலாற்றைக் கடக்கப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். பாதையில் வாகனம் ஏற்றிக் கயிறு பிடித்து இழுத்து அக்கரை சேரவேண்டும். சாமான் வருவதே பெரும்பாடு. திருகோணமலை–மட்டக்களப்பு வீதியில் பாலங்கள் வந்தபின் கம்பனி வான்கள் நினைத்த நேரத்துக்கு வந்துபோகின்றன. பாலம் எங்களுக்கு வைத்தியசாலையைக் கிட்டக் கொண்டுவந்தது, பள்ளிக்கூடத்தைக் கிட்டக் கொண்டுவந்தது. அதற்கு நன்றி. அதே பாலத்தால் வந்த உறைக்குத் திரும்பிப் போகவும் பாலம் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நாட்டின் கடைசிக் கடை வரைக்கும் இருபது கிராம் சாமானைக் கொண்டுவந்து சேர்க்க ஒழுங்கு வைத்திருக்கும் கம்பனி, வெறும் உறையைத் திருப்பி எடுக்க ஒழுங்கு இல்லை என்று சொன்னால் அதை ஏற்க முடியாது. இந்தியாவில் 2022 பெப்ரவரியில் இருந்து உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் தாங்கள் சந்தைக்கு விட்ட உறைகளுக்குக் கணக்குக் காட்டவேண்டும், அடுக்கடுக்காக ஒட்டிய உறைக்கென்று தனி வகையே வைத்திருக்கிறார்கள். அங்கே அது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு பேச்சு. பொறுப்பு யாருடையது என்பதாவது எழுத்தில் இருக்கிறது.

நூலுக்கு மாற்று உண்டா என்று கேட்கிறவர்களுக்கு: உண்டு, விலைதான் கூட. பட்டு நூலைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வைத்து, முடிந்தால் நூலை மட்டும் கடதாசி உறையில் வாங்கி உள்ளே போடும் வகை வெளிநாடுகளில் விற்கிறது. கொழும்பில் ஒன்லைனில் தேடினால் கிடைக்கக்கூடும், வெருகலுக்கு வராது. கடதாசிப் பெட்டியில் வரும் நூலும் இருக்கிறது. சோளத்தில் செய்த நூல், மண்ணில் மக்கும் என்று எழுதி வருவதைக் கவனமாகப் பாருங்கள். அந்தவகைப் பிளாஸ்டிக் மக்குவதற்கு அறுபது பாகை செல்சியஸுக்குக் கிட்டத்தட்டச் சூடாக்கி வைத்திருக்கும் பெரிய உரத் தொழிற்சாலை வேண்டும். எங்கள் வளவுக் கிடங்கிலோ கடலிலோ அது நைலோன் மாதிரித்தான் நெடுங்காலம் கிடக்கும்.

பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இரும்புப் பல் வைத்த அந்தப் பெட்டி உறுதியானது, பல வருடம் தாங்கும். நூல் உருளையை மட்டும் கடதாசியில் சுற்றி விற்றால் ஒரு வீட்டுக்கு ஒரே பெட்டி காணும். மட்டையும் மூடியும் எதற்கு? கடையில் தொங்கவிடவும் களவு போகாமல் இருக்கவும் தூரத்தில் தெரியவும்தான். பல்லுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. இதைப் பல் டொக்டர்கள் சொன்னால் கம்பனி கேட்கும். என்ன பாவிக்கவேண்டும் என்று எழுதித் தருகிறவர்கள் அவர்கள்தான். இடைப்பல் பிரஷ் கழுவிப் பலநாள் பாவிக்கக்கூடியது, பல்லிடுக்கு அகலமாக உள்ளவர்களுக்கு அதுவே நல்லது. உங்கள் பல்லுக்கு எது பொருந்தும் என்று டொக்டரிடமே கேளுங்கள்.

கம்பனியை மட்டும் சொன்னால் போதாது, பாவிக்கிற எங்களுக்கும் பொறுப்பு உண்டு. கதிர்காமப் பாதயாத்திரைக் காலம் எங்களுக்குப் பக்தியும் கவலையும் சேர்ந்த காலம். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் இருந்து வேல் தாங்கி நடந்து வரும் அடியார்கள் திருகோணமலை கடந்து எங்கள் கோயிலில் தங்கி, வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போகிறார்கள். ஊர்ச்சனம் அன்னம் போட்டு, கால் பிடித்துவிட்டு அனுப்பும். நடந்து போகிறவர் பாரம் குறைக்கச் சின்னப் பக்கற்றில் எல்லாம் கட்டிக்கொண்டு வருவது நியாயம். விடிய ஆற்றங்கரையில் பல் தீட்டி, முகம் கழுவி, உறையை அங்கேயே போட்டுவிட்டுப் போவதுதான் நியாயம் இல்லை. எங்கள் கோயிலின் ஆவணித் திருவிழாவிலும் இதே நிலைதான், தீர்த்தம் முடிந்த மறுநாள் ஆற்றங்கரையைக் கூட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கதிர்காமக் கந்தனிடம் நடந்து போகிறவர் ஒரு கூட்டத்துக்கு ஒரு பெரிய பற்பசை, ஒரு தகர டப்பாவில் பற்பொடி என்று பங்கிட்டுக்கொண்டால் பாரமும் குறையும், உறையும் குறையும். முன்னைய அடியார்கள் அப்படித்தான் உமிக்கரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஆகவே வாசிக்கிற உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யுங்கள், அதை விடவேண்டாம். வாங்கும்போது ஒற்றை ஒற்றையாக உறையிட்டதை எடுக்காமல் நீண்ட நூல் உள்ள பெட்டியை எடுங்கள். ஹோட்டலில் தங்கினால் உறையைக் கிழிக்காமல் விட்டு, உங்கள் பிரஷ்ஷைக் கொண்டுபோங்கள். உங்கள் ஊர்க் கடைக்கு வான் வரும் நாளில் விற்பனைப் பிரதிநிதியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வெறும் பக்கற்றைச் சேர்த்துத் தந்தால் எடுப்பீர்களா, எத்தனைக்கு என்ன தருவீர்கள்? ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். வெருகலில் இருந்து மூதூர் வரை ஒவ்வொரு கடையிலும் கேட்டால் மேலிடத்துக்கு எழுதுவார். கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னார் என்பதைக் கீழே எழுதுங்கள். கம்பனிகளுக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் அனுப்ப ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், உங்கள் பதில்களையும் அதில் சேர்க்கப்போகிறேன்.